பழவேற்காட்டுப் பாடும் பள்ளிக்கூட வாய்ப்பாடும்

503-லிருந்து 278-ஐக் கழிக்கச் சொன்னால், நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பல பேர் 375 என்று எழுதுவார்கள். சரியான விடை 225. இந்த 375 எங்கிருந்து வந்தது? 3-லிருந்து 8 போகாது, அதனால் 8-லிருந்து 3-ஐக் கழித்து 5. 0-லிருந்து 7 போகாது, அதனால் 7. கடைசியில் 5-லிருந்து 2 போனால் 3. ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது குழந்தை. "கவனமில்ல" என்று சொல்லி சிவப்பு மையால் அடித்துவிடுகிறோம். ஆனால் கவனமில்லாத பிள்ளை ஒரே தப்பை இவ்வளவு ஒழுங்காகச் செய்யாது. வேறொரு கணக்கு கொடுத்துப் பாருங்கள், அதையும் இதே முறையில்தான் செய்யும்.

1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் இதைத்தான் ஆராய்ந்தார்கள். குழந்தைகளின் கழித்தல் தப்புகள் தற்செயலானவை அல்ல, குழந்தை தன் மனதில் ஒரு தவறான செயல்முறையை வைத்துக்கொண்டு அதைப் பிசகாமல் ஓட்டுகிறது என்று காட்டினார்கள். அந்தப் பிழைகளைக் கண்டுபிடிக்க அவர்கள் எழுதிய நிரலுக்கு வைத்த பெயர் 'பக்கி'. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்தப் பார்வை உடனே பிடித்துப்போனது. நிரல் தப்பான விடை தந்தால் கணினியைத் திட்டுவதில் பயனில்லை. எந்த வரியில் பிசகு என்று பார்க்கணும்.

இப்போது பழவேற்காட்டுக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். சென்னையிலிருந்து வடக்கே ஐம்பது அறுபது கிலோமீட்டர். சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் கரையிலும் கடலோரத்திலும் மீனவக் குப்பங்கள். இந்த ஊர்களில் ஒரு குழந்தை பள்ளிக்குப் போவதற்கு முன்பே கணக்கின் நடுவில்தான் வளர்கிறது. கூடை ஏலம் போகிறது, இறால் எடை போடுகிறார்கள், டீசல் காசு கழிக்கிறார்கள், பங்கு பிரிக்கிறார்கள், மீன் விற்கும் அம்மா சில்லறை எண்ணுகிறார். அந்தச் சூழலில் வளர்ந்த பிள்ளையிடம் 278 ரூபாய்க்கு மீன் வாங்கினவர் 503 ரூபாய் கொடுத்தார், எவ்வளவு திருப்பித் தரணும் என்று கேட்டால் என்ன நடக்கும்? பெரும்பாலும் கழித்தலே நடக்காது. "278-க்கு ரெண்டு சேர்த்தா 280. இருபது போட்டா முந்நூறு. இருநூறு போட்டா ஐநூறு. மேல மூணு." ஆக 225. கூட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுகிறது. கடன் வாங்கல், அடித்து எழுதல் எதுவும் இல்லை.

வாய்க்கணக்கு எழுத்துக்கணக்கைவிடச் சரியாக வருவது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். இதைப் பற்றிய மிகப் பிரபலமான ஆய்வு பிரேசிலின் ரெசிஃபெ நகரத்தில் நடந்தது. 1985-இல் டெரெசின்யா நூன்யெஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளிடம், 9 முதல் 15 வயதுக்காரர்களிடம், வாடிக்கையாளர் மாதிரிப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 98.2 சதவீதம் சரி. பிறகு அதே எண்களை வெறும் கணக்காகக் காகிதத்தில் கொடுத்தார்கள். 36.8 சதவீதம்தான் சரி. கதைக் கணக்காகச் சொன்னபோது 73.7. அதே பிள்ளை, அதே எண், அதே மூளை. ஒரு பையனிடம் 35 க்ரூசெய்ரோ வீதம் பத்துத் தேங்காய் என்ன விலை என்றதற்கு அவன் 35-க்குப் பக்கத்தில் பூஜ்யம் போடவில்லை. மூன்று தேங்காய் 105 என்று அவனுக்குத் தெரியும், அடிக்கடி விற்கிற எண்ணிக்கை அது. இன்னொரு மூன்று 210, இன்னொரு மூன்று 315, ஒன்று பாக்கி, 350.

இதே குழு பிறகு வடகிழக்கு பிரேசில் மீனவர்களிடமும் போனது. பிடித்த மீனைச் சுத்தம் செய்து காயவைத்தால் எடை எவ்வளவு குறையும், இவ்வளவு காய்ந்த மீன் வேண்டுமென்றால் எவ்வளவு பச்சை மீன் பிடிக்கணும் என்று கேட்டார்கள். விகித சமம் என்ற பாடத்தைப் பள்ளியில் படித்திராத ஆட்கள், தினப்படி வேலையில் ஒரு பக்கமாக மட்டுமே போட்டுப் பழகிய கணக்கைத் தலைகீழாகவும் போட்டார்கள். ஆகவே தெருக்கணக்கு வெறும் பழக்கம், மனப்பாடம் என்று ஒதுக்க முடியாது. உள்ளே புரிதல் இருக்கிறது.

அப்படியென்றால் பள்ளிக்கூடத்தில் எங்கே அறுந்துபோகிறது?

என் கணிப்பில், செயலையும் செயல்முறையையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான். கழித்தல் என்பது ஒரு செயல்: இதற்கும் அதற்கும் எவ்வளவு தூரம், அல்லது எடுத்தபின் எவ்வளவு மிச்சம். எண்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, வலது கோடியிலிருந்து ஆரம்பித்து, கடன் வாங்கிப் போடுவது அந்தச் செயலைச் செய்யும் பல வழிகளில் ஒன்று. காகிதத்துக்காக உருவான வழி. எண்ணின் மதிப்பையே மறந்துவிட்டு இலக்கங்களை மட்டும் நகர்த்தினால் போதும் என்பதுதான் அதன் பலம். கற்றுக்கொள்கிற குழந்தைக்கு அதுவே பலவீனமாகிவிடுகிறது. 503-இல் உள்ள 5 ஐநூறு என்பது மறந்துபோனால், 375 என்ற விடை தப்பாகத் தெரிவதற்குக் காரணமே இல்லை. மீன் கடையில் அதே குழந்தை 375 ரூபாய் திருப்பித் தருமா? தராது. வாங்கின பணத்தில் பாதிக்கு மேல் மீன் விலைக்குப் போயிற்று என்று அதற்குத் தெரியும்.

இன்னொன்று, வாய் இடமிருந்து வலமாகப் போகிறது. "ஐந்நூற்று மூன்று" என்று பெரியதை முதலில் சொல்கிறோம், பெரியதை முதலில் கணக்கிடுகிறோம். தமிழ் எண்பெயர்கள் இதற்கு நல்ல துணை. நாற்பத்தேழு என்றால் நாற்பதும் ஏழும், ஒளிவுமறைவு இல்லை. இந்தியில் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யணும். (டச்சுக்காரர்கள் நாற்பத்தேழை 'ஏழும் நாற்பதும்' என்று திருப்பிச் சொல்வார்கள். 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, அங்கே நாணயமும் அடித்தவர்கள் அவர்கள். கோட்டைக் கணக்கப்பிள்ளைக்கு எத்தனை முறை 47-உம் 74-உம் குழம்பியிருக்குமோ என்று எனக்கு ஒரு கற்பனை.) நம் மொழியில் எங்களூர்ப் பக்கம் கொஞ்சம் சிக்கல் தருவது தொண்ணூறும் தொள்ளாயிரமும்தான். அவை அடுத்த படியின் பெயரை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு நிற்கின்றன.

கழித்தலில் நாம் சொல்லிக்கொடுக்கும் "கடன் வாங்குதல்" என்ற சொல்லே எனக்கு உடன்பாடில்லை. கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கணும். மீனவக் குப்பத்துப் பிள்ளைக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, வீட்டிலேயே பார்க்கிறது. பத்தாம் இடத்தில் வாங்கின ஒன்றை யார் எப்போது திருப்பிக் கொடுத்தார்கள்? நடப்பது கடனே அல்ல, நோட்டை மாற்றுவது. ஐந்து நூறு ரூபாய் நோட்டும் மூன்று ஒரு ரூபாய் நாணயமும் கையில் இருக்கிறது. 278 கொடுக்கணும். ஒரு நூறு ரூபாயைப் பத்துப் பத்து ரூபாயாக மாற்று. அதில் ஒரு பத்தைப் பத்து ஒரு ரூபாயாக மாற்று. இப்போது கையில் 4 நூறு, 9 பத்து, 13 ஒன்று. 2 நூறும் 7 பத்தும் 8 ஒன்றும் கொடுத்துவிட்டால் மிச்சம் 2, 2, 5. விளையாட்டு நோட்டுகளை வைத்து இதை இரண்டு நாள் செய்த குழந்தைக்கு, நடுவில் பூஜ்யம் வரும் கழித்தல் பெரிய பூதமாகத் தெரியாது. பூஜ்யம் ஏன் 9 ஆகிறது என்பதைக் கையால் செய்து பார்த்திருக்கிறதே.

மாற்றுவது பத்துக்குப் பத்தாக இருக்கணும் என்பதுகூடச் சமீபத்திய சௌகரியம்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துச் சென்னையில் ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. வராகனை உடைத்தால் 42 வரும், பணத்தை உடைத்தால் 80. அன்றைய கடைக்காரர்கள் இதை மனக்கணக்காகவே போட்டார்கள் என்றால், அதற்குப் பின்னால் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. எண்சுவடி என்று ஓலையில் எழுதி, வாயால் ஒப்பித்து, காதால் சரிபார்த்துப் படித்தார்கள். பெருக்கல் வாய்ப்பாடு மட்டுமில்லை. முந்திரி (320-இல் ஒரு பங்கு), காணி (80-இல் ஒன்று), மா (20-இல் ஒன்று), வீசம் (16-இல் ஒன்று), கால், அரை, முக்கால் என்று பின்னங்களுக்கும் வாய்ப்பாடு உண்டு. செந்தில் பாபு எழுதி 2022-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட கணித வரலாற்று நூல், இந்தப் பள்ளிகளில் நினைவாற்றல் எப்படி ஒரு கற்றல் முறையாகவே இருந்தது என்பதை விரிவாகப் பேசுகிறது. அது வெறும் கிளிப்பிள்ளை மனப்பாடம் என்று நாம் ஒதுக்குவது சரியில்லை.

1789-இல் எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற சட்டாம்பிள்ளை முறையையும் சேர்த்து, 1797-இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகள் பலவற்றுக்குப் போனது. நாம் பிறகு அங்கிருந்து சிலேட்டையும் கரும்பலகையையும் இறக்குமதி செய்துகொண்டோம். மணலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, தப்பை உடனே அழித்துவிடலாம். சிவப்பு மை அங்கே ஒட்டாது.

பெருக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் சண்டை அதிகமில்லை. வாய்ப்பாடு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் எனக்கு வீணாகப் படுகிறது. பத்து வரைக்கும் தெரிந்திருக்கணும், அவ்வளவுதான். ஆனால் வாய்ப்பாடு பெருக்கலின் விளைவுப் பட்டியல், பெருக்கல் அல்ல. இறால் கிலோ 320, மூன்றரை கிலோ என்ன விலை? மூன்று கிலோ 960, அரை கிலோ 160, ஆக 1,120. ஒரு பெருக்கலைப் பிரித்து இரண்டாகப் போட்டுக் கூட்டலாம் என்ற பங்கீட்டு விதி இதில் இருக்கிறது. பின்னப் பெருக்கலும் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் பின்னம் வர இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்பதற்காக, அரைக் கிலோவை அதுவரை வகுப்புக்கு வெளியிலேயே நிறுத்திவைக்கிறோம். 38 ரூபாய் வீதம் ஏழு என்றால் 40 வீதம் ஏழு, 280, அதில் 14 குறைவு, 266. இதையும் குழந்தைகள் தாங்களாகவே செய்வார்கள். செய்ததை எழுதச் சொன்னால் போதும்.

வகுத்தலில்தான் விஷயம் இருக்கிறது.

நாட்டின் கிராமப்புறக் குழந்தைகளை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் அசர் ஆய்வில், வகுத்தல் என்பது ஒரு மூன்றிலக்க எண்ணை ஒரிலக்க எண்ணால் வகுப்பது. 2024 அறிக்கைப்படி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இதைச் செய்தவர்கள் 30.7 சதவீதம். மூன்றாம் வகுப்பில் கழித்தலாவது செய்தவர்கள் 33.7. பத்தில் ஏழு பேருக்கு ஐந்து வருஷம் பள்ளியில் இருந்தும் வகுக்கத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? அந்த வடிவத்தில், காகிதத்தில், தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ளணும்.

கரையில் வகுத்தல் தினமும் நடக்கிறது. படகு வந்ததும் மீன் ஏலம் போகும். வந்த பணத்தில் டீசல், ஐஸ் போன்ற செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தைப் பங்கு போடுவார்கள். போனவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, படகுக்கும் வலைக்கும் தனிப் பங்கு. விகிதம் ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும். ஒரு எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். ஏலத்தில் 6,800 ரூபாய். செலவு 1,300. மிச்சம் 5,500. நாலு பேர் போயிருக்கிறார்கள், படகு-வலைக்கு ஒரு பங்கு, தொழில் பழக வந்த பையனுக்கு அரைப் பங்கு. மொத்தம் ஐந்தரைப் பங்கு.

5,500-ஐ ஐந்தரையால் வகுக்கணும். பள்ளியில் இது தசமப் புள்ளியை நகர்த்தும் பாடம். கரையில் எப்படிப் போடலாம் பாருங்கள். பங்குக்கு ஐநூறு வைத்துப் பார். ஐந்து பங்குக்கு 2,500, அரைப் பங்குக்கு 250, ஆக 2,750. இன்னும் அதே அளவு மிச்சமிருக்கிறது. இன்னொரு ஐநூறு. தீர்ந்தது. பங்கு ஆயிரம், பையனுக்கு ஐநூறு. வேறொருவர் எல்லாவற்றையும் அரைப் பங்காக்கி, பதினோரு அரைப் பங்கு, ஒவ்வொன்றும் ஐநூறு என்று ஒரே அடியில் முடிப்பார். இரண்டும் சரியான வகுத்தல்தான். முதலாவது சுற்றுச் சுற்றாகக் கொடுத்துப் பார்ப்பது, இரண்டாவது இரண்டு பக்கத்தையும் இரட்டிப்பது.

முதல் முறையை அப்படியே நோட்டில் எழுதலாம். 936-ஐ எட்டால் வகு. ஆளுக்கு நூறு கொடு, 800 போயிற்று, பாக்கி 136. ஆளுக்குப் பத்து, 80 போயிற்று, பாக்கி 56. ஆளுக்கு ஏழு. ஆக 117. நீள் வகுத்தல் என்று நாம் சொல்லிக்கொடுப்பது இதேதான், பூஜ்யங்களை விழுங்கிவிட்டுச் சுருக்கமாக எழுதியது. நூறுக்குப் பதில் தைரியமில்லாமல் முதலில் ஐம்பது கொடுத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, ஒரு வரி கூடும், அவ்வளவே. பள்ளி முறையில் ஊகம் தவறினால் அழிக்கணும், இந்த முறையில் மேலே போகலாம். மெதுவான பிள்ளையும் சரியான விடைக்கு வந்து சேரும் என்பதற்காகவே நான் இந்தப் பக்கம் சாய்கிறேன். சுருக்கம் பிறகு தானாக வரும்.

அந்த அரைப் பங்குப் பையனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவன்தான் ஏழாம் எட்டாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டிலிருந்து காணாமல் போகிறவன். பள்ளியில் வகுத்தல் வராதவன் என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு, ஐந்தரையால் வகுக்கிற இடத்தில் ஐநூறு ரூபாய் கிடைக்கிறது. "உனக்குக் கணக்கு வராது" என்ற வாக்கியம் அவனைப் படகுக்குத் தள்ளும் காரணங்களில் ஒன்றாக இருக்கக் கூடாது. வறுமையைக் கணக்கு வாத்தியார் தீர்க்க முடியாது. இந்த ஒன்றை அவரால் தவிர்க்க முடியும்.

வகுத்தலின் இன்னொரு பாதி மீதி. பள்ளியில் ஈவுதான் விடை, மீதி ஒரு ஓரத்தில் கிடக்கும். பழவேற்காட்டில் மீதியே விடையாக வரும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பாடு முறை என்பார்கள். பாடு என்றால் இங்கே வலை கட்டும் இடம், அந்த இடத்துக்கான முறை. ஏரியில் கடல்நீர் வந்துபோகும் பக்கத்தில், இறாலுக்குக் கழி நட்டு வலை கட்ட நல்ல இடங்கள் குறைவு. எல்லாரும் ஒரே நேரத்தில் போனால் அடிதடிதான். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் முறை வைத்துக்கொள்கின்றன. ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டு குலுக்கி முடிவு செய்கிறார்கள். செபாஸ்டியன் மேத்யூ 1991-இல் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்புக்காக எழுதிய ஆய்வில் இதைப் பதிவு செய்திருக்கிறார். (வாய்ப்பாட்டில் வரும் 'பாடு'க்கும் இதற்கும் தொடர்பு தேட நான் போகவில்லை. சொல் ஒற்றுமை தலைப்புக்கு உதவியது.)

வகுப்புக்காக இதை எளிமையாக்கிக்கொள்வோம். மூன்று ஊர், நாளுக்கு ஒரு ஊர் என்று சுற்று. இன்று நம் ஊர் முறை. இன்றிலிருந்து 50-ஆவது நாள் யார் முறை? ஐம்பதை மூன்றால் வகுத்தால் ஈவு 16, மீதி 2. பதினாறு சுற்று முடிந்தது என்பதில் நமக்கு அக்கறையில்லை. மீதி 2 என்பதால் நமக்கு இரண்டு ஊர் தள்ளி உள்ளவர் முறை. நிரல் எழுதுகிறவர்கள் இதை மாடுலோ என்று தினமும் பயன்படுத்துகிறோம், வாரத்தின் கிழமையைக் கண்டுபிடிப்பதிலிருந்து வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது வரை. முறை சுற்றி வரும் ஊரில் பிறந்த பிள்ளைக்கு இதை அறிமுகப்படுத்த 'மாடுலோ' என்ற சொல்லே தேவையில்லை. "அடுத்த முறை எப்போ?" என்ற கேள்வி போதும்.

இதில் வகுஎண்ணைப் பற்றிய பாடமும் இருக்கிறது. வலை கட்டும் இடங்கள் கூடுவதில்லை. மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபட்டால் குறையவே செய்யும். தலைக்கட்டுகள் கூடுகின்றன. 12 இடம், 36 தலைக்கட்டு என்றால் ஒருவருக்கு மூன்று சுற்றுக்கு ஒருமுறை. தலைக்கட்டு 60 ஆனால் ஐந்து சுற்றுக்கு ஒருமுறை. (எண்கள் என் கற்பனை, போக்கு உண்மை.) யாரும் யாரையும் ஏமாற்றாமலே, கீழே உள்ள எண் பெருகியதால் மட்டும் ஒவ்வொருவர் பங்கும் சுருங்குகிறது. அதோடு, அந்த எண்ணில் யாரைச் சேர்ப்பது என்பதைக் கணக்கு தீர்மானிப்பதில்லை. பாடு உரிமை இல்லாத ஊர்கள் இருக்கின்றன. தண்ணீருக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். வகுத்தல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், வகுப்பதற்கு முன்பே சிலர் வெளியே நிற்கிறார்கள். எட்டாம் வகுப்பில் இதைப் பேசலாம் என்றுதான் நினைக்கிறேன். வாத்தியார் எந்தக் குப்பத்துக்காரர் என்பதைப் பொறுத்து வகுப்பு கொஞ்சம் சூடாகும்.

இதுவரை படித்தவர்களுக்கு, பிள்ளைகளைக் கரையிலேயே விட்டுவிட்டால் கணக்கு தானாக வரும் என்று நான் சொல்வதாகத் தோன்றலாம். இல்லை. 2025-இல் 'நேச்சர்' இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலானோர் வெளியிட்ட ஆய்வு கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தது. சிக்கலான விற்பனைக் கணக்கை அவர்கள் மனதிலேயே போட்டார்கள். அதைவிட எளிமையான பள்ளிக்கணக்கில் தடுமாறினார்கள். பக்கத்துப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளோ நேர் எதிர். நோட்டில் போடத் தெரிந்தது, சந்தைக் கணக்கில் திணறினார்கள். பாலம் இரண்டு பக்கமும் இல்லை. ரெசிஃபெ ஆய்வு வந்து நாற்பது வருஷம் கழித்து இந்த நிலை.

தமிழ்நாட்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூன் 13 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தில், அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாடலும் விளையாட்டுமாகச் சொல்லித்தருகிறார்கள். அதற்கு முன்பே 2003-இலிருந்து சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும் பிறகு மாநிலம் முழுக்கவும் செயல்வழிக் கற்றல் வந்தது. நல்ல முயற்சிகள். ஆனால் அட்டையும் மணியும் மாநிலம் முழுக்க ஒரே மாதிரி. குப்பத்துப் பள்ளியில் எண்கோட்டுக்கு அட்டை வாங்க வேண்டியதில்லை, மிதவைகள் கோத்த வலைக்கயிறு ஒன்று போதும். பத்து மிதவைக்கு ஒருமுறை ஒரு சிவப்புத் துணி. 278-லிருந்து 503 வரை 'நடக்க' அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. பிள்ளை வாயால் போட்ட கணக்கை ஒவ்வொரு படியாக நோட்டில் எழுதச் சொல்லி, அதற்குப் பிறகு பள்ளி முறையைப் பக்கத்தில் எழுதி, இந்த வரிதான் அந்த வரி என்று கோடு போட்டுக் காட்டணும். நேரம் பிடிக்கும். மூன்று கணக்கில் ஒரு பீரியட் போய்விடும். முப்பது கணக்கு போட்டு முப்பதிலும் பக்கியை ஓட்டுவதைவிட மேல்.

காகிதம் ஏன் தேவை என்பதற்கு ஒரு கணக்கு. தண்டல் வாங்காத மீன்கூடைக்காரர்கள் குறைவு. கையில் 900 ரூபாய் தருவார்கள், தினம் பத்து ரூபாயாக நூறு நாளில் ஆயிரம் கட்டணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்லறையில் ஒரு ரூபாய் விடாத அம்மாவைக் கேட்டால், 900-க்கு நூறு வட்டி, நூற்றுக்குப் பதினொன்று என்பார். மனக்கணக்கு அதுவரை சரியாகப் போகிறது. இப்போது ஏழாம் வகுப்புப் பிள்ளையைத் தினமும் அம்மா கையில் இன்னும் எவ்வளவு கடன் பணம் நிற்கிறது என்று ஒரு அட்டவணை எழுதச் சொல்லுங்கள். முதல் நாள் 900. பத்து நாள் கழித்து 800. ஐம்பதாம் நாள் 400. தொண்ணூறாம் நாள் பூஜ்யம், வாங்கியது முழுக்கத் திருப்பியாயிற்று. அதற்கு மேல் பத்து நாள் கட்டுவது வெறும் வட்டி. சராசரியாக அவர் கையில் இருந்தது 900 அல்ல, சுமார் 450. அந்த 450-க்கு மூன்று மாதம் சொச்சத்தில் நூறு ரூபாய் வட்டி, அதாவது 22 சதவீதம். வருஷத்தில் இப்படி மூன்றரைச் சுற்றுக்கு மேல் வரும். மூன்றரையால் பெருக்கினாலே 77, சொச்சத்தையும் சேர்த்தால் 80 சதவீதம்.